துவைத்து வைத்த அலமாரி

லாண்ட்ரியில் சித்தப்பாவை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கறை எடுக்கும் மேசை அவருடையது. யாராவது சட்டையை நீட்டினால் உடனே தொடமாட்டார். "என்ன பட்டுச்சு? எப்போ பட்டுச்சு? வீட்ல என்ன போட்டுத் தேய்ச்சீங்க?" என்று கேட்பார். கடைசிக் கேள்விக்குத்தான் ஆட்கள் முழிப்பார்கள். "நீங்களே வைத்தியம் பார்த்துட்டு அப்புறம் எங்கிட்ட வந்தா எப்படி?" என்பார். மற்றபடி அதிகம் பேசாத மனிதர்.

வீட்டில் அவருக்கு இந்த மரியாதை கிடையாது. படுக்கையறைச் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற மர அலமாரி முழுக்கச் சித்தியின் ராஜ்யம். சித்தி எதையும் தூக்கிப் போட்டவர் அல்ல. கல்யாணத்துக்கு முன் தைத்த ரவிக்கைகளைக்கூட "இளைச்சதும் போட்டுக்கறேன்" என்று வைத்திருந்தார். கதவு மூடாது. நாற்காலி ஒன்றை முட்டுக் கொடுத்திருப்பார்கள். "ஊர்த் துணியெல்லாம் மடிக்கறேன், என் துணிக்கு ஒரு தட்டு கிடைக்கல" என்று சித்தப்பா சொன்னால், "ஆணி எதுக்கு இருக்கு?" என்பார் சித்தி.

சித்தி போன மழைக்காலத்தில் திடீரென்று இறந்துபோனார். ஒரே மகள், என் அக்கா, அப்போது நிறைமாதம். தூரத்து ஊரில் இருந்தாள். பயணமே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் முகத்தைக் கடைசியாக அவள் பார்த்தது ஃபோனில்தான்.

இப்போது அப்பாவின் ஊருக்கே வேலை மாற்றலாகி, கைக்குழந்தையோடு அவர் வீட்டுக்கு வந்தாள். அந்த அறையும் அலமாரியும் அவளுக்கு வேண்டும். "அம்மா துணியில ஒண்ணைக்கூடத் தூக்கிப் போட்டுடாதீங்கப்பா, நான் வந்து பிரிச்சுக்கறேன்" என்று முன்பே சொல்லியிருந்தாள். ஸ்டேஷனிலிருந்து அவளை அழைத்து வந்தபோது என்னிடம் மெல்லச் சொன்னாள்:

"எனக்கு நல்ல சேலை எதுவும் வேணாம்டீ. அம்மா கட்டிக் கழட்டிப் போட்டது ஒண்ணு போதும். துவைக்காதது. ஒரு தடவையாவது இவளை அதுல சுத்திப் படுக்க வைக்கணும். அவங்க தூக்கவே இல்லையே."

வீட்டுக்கு வந்ததும் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே அறைக்குப் போனாள். அலமாரிக் கதவு நாற்காலி முட்டு இல்லாமலே மூடியிருந்தது. திறந்தாள்.

கடையில்கூட அப்படி ஓர் அடுக்கை நான் பார்த்ததில்லை. சேலைகள் நிறவாரியாக, விளிம்புக்கு விளிம்பு பிசகாமல் இருந்தன. கைக்குட்டைக்கும் இஸ்திரி போட்டிருந்தார். தேர்வு எழுதிய பிள்ளை போல் சித்தப்பா எங்கள் பின்னால் நின்றார்.

"ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடலம்மா. நீ சொன்ன மாதிரியே."

அக்கா ஒரு சேலையை உருவி முகத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. பிறகு கை அவசரமாகிவிட்டது. எல்லாவற்றிலும் சோப்பு வாசனைதான்.

"எல்லாத்தையும் துவைச்சிட்டீங்களா?"

"ஒண்ணு விடாம. கூடையில கெடந்ததையும் சேர்த்து."

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா வாசனையே இல்லப்பா."

சித்தப்பாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபின் அலமாரியைத்தான் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"இருந்துச்சும்மா. அதனாலதான் துவைச்சேன். துண்டு எடுக்கக் கதவைத் திறந்தா அவ உள்ள நிக்கற மாதிரி இருக்கும். எதுக்கு வந்தேன்னே மறந்துடும். அப்படியே நின்னுக்கிட்டிருப்பேன். வேலைக்குப் போகணுமில்ல? என்ன பண்றதுன்னு தெரியல. தெரிஞ்சதைப் பண்ணேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"தூக்கிப் போடாதேன்னுதானம்மா சொன்னே."

அவர் அதை எதிர்வாதமாகச் சொல்லவில்லை. அதனால் அக்காவாலும் கோபப்பட முடியவில்லை. குழந்தையின் துணிகள் பெட்டியிலேயே கிடந்தன. வேறு வழியில்லாமல் பிரிக்க ஆரம்பித்தோம். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, அக்கா சரியாகப் பார்க்காமலே "கொடுத்துடலாம்" என்றாள். அடுத்ததும் "கொடுத்துடலாம்". அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. சித்தப்பா, போட்ட குவியலிலிருந்து கலைந்ததை எடுத்து மறுபடி மடித்து, மறுபடி அதே குவியலில் வைத்துக்கொண்டிருந்தார்.

அடித்தட்டு வரைக்கும் வந்தபோது பின்னாலிருந்து எதையோ எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அது என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. துடைக்கற துணி."

"காட்டுங்க."

வெளிறிப்போன நைட்டி. கழுத்தின் பின்புறத்திலும் ஒரு தோளிலும் கறுப்பாகத் திட்டுகள்.

"இது மட்டும் போகல" என்றார். "மருந்து மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன். தலைக்கு அடிக்கற டை."

"டையா? அம்மாவா?"

"எங்க வம்சத்துல யாருக்கும் நரைக்காது" என்று சித்தி கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார். நான் முழுசாக நம்பியிருந்தேன்.

"அடப்பாவமே! எங்கிட்டக்கூடச் சொல்லலியே நீங்க!" என்றாள் அக்கா.

"சத்தியம் வாங்கியிருந்தா. பின்னந்தலை அவளுக்கு எட்டாது, நான்தான் பூசி விடுவேன். அசையாதேன்னா கேப்பாளா? பேசிக்கிட்டே திரும்புவா." தோளில் இருந்த பெரிய திட்டை விரலால் காட்டினார். "இது, நீ உண்டாயிருக்கேன்னு ஃபோன் பண்ணியே, அப்போ துள்ளித் திரும்பினது. என் சட்டையும் போச்சு."

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். அது பாதியில் அழுகையானது. வெகுநேரம் அழுதாள். நைட்டியை அவள் முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. கட்டிலில் விரித்து, என்னிடமிருந்து குழந்தையை வாங்கி, அதன்மேல் படுக்க வைத்தாள்.

"இரு, இரு" என்று சித்தப்பா பதறினார். எச்சில் தொட்ட கட்டைவிரலால் கறையை அழுத்தித் தேய்த்தார். விரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டாதும்மா" என்றார். "படுத்துக்கட்டும்."