ஃப்ளஷ்ஷை அமுக்கிய கை

எங்க கம்பெனி லைன்ல பாத்ரூம் போகணும்னா இஷ்டத்துக்கு எந்திரிச்சுப் போக முடியாது. கையைத் தூக்கணும், ரிலீவர் வந்து நம்ம சீட்ல உக்காரணும், அப்புறம்தான் போகலாம். அன்னைக்கு ரிலீவர் வர லேட். எனக்கு மூணாவது மாசம். இடுப்பைப் பிச்சு எடுத்த வலியை சூட்டு வலின்னு நெனச்சு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். உள்ள போய் உக்காந்ததும் எல்லாம் போச்சு. வெளிய ஒருத்தி என் வேலையைப் பாத்துட்டு இருக்கா, சீக்கிரம் திரும்பணும்ங்கிற பழக்கம். குனிஞ்சுகூடப் பாக்கல, கை தானா போய் ஃப்ளஷ்ஷை அமுக்கிருச்சு. அதுக்கப்புறம்தான் தரையில ரத்தத்தைப் பாத்தேன்.

ஆஸ்பத்திரியில கலைஞ்சுட்டுன்னு சொன்னாங்க. பாத்ரூம்ல ஆச்சுன்னு மட்டும் வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். அமுக்கினதைச் சொல்லல. எப்படிச் சொல்ல? உங்க பிள்ளையைத் தண்ணி விட்டு அனுப்பிட்டேன்னா?

ஆளாளுக்கு ஆறுதல். "அடுத்தது தங்கிரும் தாயி"ன்னு ஊர்லேர்ந்து மாமியார் ஃபோன்ல. கூட வேலை பாக்குற பிள்ளைகளும் அதேதான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அடுத்தது யாருக்கு வேணும்? போனதைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனா வாய் தேஞ்சா போயிரும்?

சுங்குவார்சத்திரத்துல எங்க ரூம் ஒத்தை ரூம். அதுக்குள்ளயே அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துட்டே கெடப்பேன். கூட்டுன தரையையே திரும்பக் கூட்டுவேன். படுத்தா கால் நிக்காது. ஓ.டி. இருக்கான்னு நானே போய் சூப்பர்வைசர்ட்ட கேப்பேன். "ஏட்டி, செத்த உக்காரேன்"ம்பார் வீட்டுக்காரர். அவருக்கு ஒரகடத்துல வேலை, பாதி நாள் எனக்கு எதிர் ஷிஃப்ட். உக்காந்தா வாயைத் திறந்துருவேனோன்னு பயம் எனக்கு.

அந்த பாத்ரூமுக்குள்ள திரும்பக் கால் வைக்க முடியல. அதனால ஷிஃப்ட்ல தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டேன். கடைசில நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல். கம்பெனி நர்ஸ் மாத்திரையைக் குடுத்துட்டு, வாராவாரம் வர்ற கவுன்சிலிங் மேடத்தைப் பாருன்னு அனுப்புச்சு. இவங்க என்னத்தைப் புதுசா சொல்லிறப் போறாங்கன்னு எரிச்சலோடதான் போனேன்.

மேடம் ஸ்ரீபெரும்புதூர்க்காரங்க. "இன்னாம்மா, தண்ணியே குடிக்க மாட்டேன்றியாமே?"ன்னாங்க. அதைக் கேட்டதும் எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஃப்ளஷ்ஷைக்கூட. ஆறுதல் சொல்ல அவங்க அவசரப்படல. நான் அழுது மூக்கைச் சிந்துற வரைக்கும் அழ விட்டாங்க.

"பாத்துட்டா அமுக்குன?"

"இல்ல மேடம்."

"அப்ப கேட்டுக்கோ. துடிப்பு முன்னாடியே நின்னிருக்கும். நீ அமுக்குனதால ஒண்ணும் போவல."

புத்திக்குப் புரிஞ்சது, மனசு கேக்கல. அதனால அடுத்தடுத்த வாரமும் போனேன். ஒரு நாள், "வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"ன்னாங்க. "அவர் அதைப் பத்திக் கேக்கவே மாட்டார் மேடம். அவருக்கென்ன, வேலை உண்டு தூக்கம் உண்டு"ன்னேன்.

"கேக்காத ஆளுக்கு ஒண்ணும் இல்லேன்னு நெனச்சுக்கினியா?"ன்னாங்க. கோவமா எந்திரிச்சு வந்துட்டேன்.

மறுநாள் காலையில அவர் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து வாசல்ல ஷூ கழட்டிட்டு இருந்தார். நான் கழுத்துல ஐ.டி. கார்டோட பஸ்ஸுக்குக் கெளம்பி நிக்கேன். நின்ன வாக்குல சொல்லிட்டேன். ஃப்ளஷ்ஷை அமுக்கினதை, பாக்காம அமுக்கினதை.

அவர் நிமிரல. கழட்டுன ஷூவைக் கையில வச்சுக்கிட்டே, "அன்னைக்கு ஃபோன்ல எங்கம்மா கேட்டாங்கட்டி, பிள்ளையை என்ன செஞ்சீங்கன்னு"ன்னார். "எனக்கு என்ன தெரியும்? உன்னைக் கேட்டா ஒடஞ்சு போவ. நானே ஏரிக்கரையில குழி தோண்டிப் புதைச்சேன்னு சொல்லிட்டேன்."

தரையில அவர் பக்கத்துல உக்காந்தேன். ரோட்டுல கம்பெனி பஸ் ஹார்ன் அடிச்சுட்டுப் போயிருச்சு.

"ஏரிக்கரையில எந்த எடத்துலன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

"ஒரு பனைமரத்துக்குக் கீழன்னேன்"னார்.

"ஆழமாத் தோண்டுனீங்களா?"

"ஆழமாத்தான் தோண்டுனேன்"னு சொல்லி, மொகத்தை என் தோள்ல பொத்திக்கிட்டு அழுதார்.