நடுங்காத மெஷின்

அவரை எல்லாரும் 'வழவழ' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயாடி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனுஷன் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். சமையலறை மேடைகளுக்குக் கடைசி மெருகு போடுவது அவர் வேலை. கருங்கல் மேடை இல்லை. பிசினையும் கல்மாவையும் கலந்து வார்த்த செயற்கைப் பலகை. இரண்டு துண்டுகளை அதே நிறப் பசையால் ஒட்டி, காய்ந்ததும் சாண்டர் மெஷினில் வட்ட உப்புத்தாளை மாட்டித் தேய்த்து, ஒட்டிய இடம் எது என்று சத்தியம் செய்தாலும் சொல்ல முடியாதபடி ஆக்க வேண்டும். தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் அந்த ஒட்டின் மேல் ஒரு தடவு தடவுவார். திருப்தி என்றால் "வழவழ" என்பார். கீறலை டார்ச் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும். மேடு பள்ளத்தை விரல்தான் சொல்லும். பட்டறையில் அவர் விரல் சொன்னதற்கு அப்பீல் கிடையாது.

ஊரார் மேடைகளை எல்லாம் வழவழப்பாக்கியவருக்குக் கை மட்டும் ஒரே சொரசொரப்பு. "இந்தக் கையக் கொஞ்சம் அந்த மெஷின்ல காட்டக் கூடாதா?" என்று மனைவி கேலி செய்வாள். கேலி செய்துகொண்டே அதை இழுத்து மடியில் வைத்து எண்ணெய் தடவி விடுவாள். மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கடல் தாண்டிப் போனவள், பேத்தி தவழட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டாள். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. போனில் பேசிக்கொள்கிறார்கள். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "என்ன செஞ்சீங்க?" "ஏதோ." எப்போது வருவாய் என்று மட்டும் அவர் கேட்டதே இல்லை. கேட்டு, வர முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? எண்ணெய்ப் பாட்டில் அலமாரியில் அவள் வைத்த இடத்திலேயே தூசி படிந்து நின்றது.

வேலை ஒன்றுதான் அவருக்குத் துணை. பழைய சாண்டரைப் பிடித்தால் முன்பெல்லாம் பல் வரைக்கும் ஆடும். கொஞ்ச காலமாக அது அடங்கிவிட்டது. "வயசாக ஆக அதுக்கும் புத்தி வந்துடுச்சு, என்னை மாதிரி" என்று ஒருநாள் பட்டறை முதலாளியிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த ஜோக் ஆயிற்றே, முதலாளி அதைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இன்னும் யாரும் குடிவராத ஒரு புது வீட்டில் அந்த மெஷின் உயிரை விட்டது. ஒரு ஒட்டை முடித்து "வழவழ" சொல்லிவிட்டு அடுத்த மூலைக்கு நகர்ந்தார். கருகல் வாடை வந்தது, மெஷின் நின்றுவிட்டது. போனில் சொன்னதும் முதலாளி, "உனக்குத் தெரியாததா? நீயே பிடிச்சுப் பாத்து ஒண்ணு எடுத்துக்க" என்றார்.

கருவிக் கடையை நடத்துகிறவள் நடுவயதுப் பெண். அவரை வருஷக் கணக்கில் தெரியும்.

"வாங்கண்ணே. என்ன மாதிரி வேணும்?"

"நடுங்காத மெஷினா வேணும்மா. மத்ததெல்லாம் அப்புறம்."

மூன்றை எடுத்து மேசையில் வைத்தாள். சோதித்துப் பார்க்கக் கருநிறப் பலகைத் துண்டு ஒன்றையும் போட்டாள். முதல் மெஷினுக்குத் தட்டு சுழலும் சுற்று பெரிது; அரக்கப்பரக்கத் தேய்த்தது. டார்ச்சைப் படுக்கை வாட்டில் பிடித்துப் பார்த்தால் பலகை முழுக்கச் சுருள் சுருளாகக் கீறல். அதை ஓரமாகத் தள்ளினார். மற்ற இரண்டுக்கும் சின்னச் சுற்று, நிதானமான தேய்ப்பு, கீறல் இல்லை. இரண்டுமே கையில் நடுங்கவில்லை. மூன்றாவதில் தூசி உறிஞ்சும் வாய் பெரிதாக இருந்தது.

"இதுதான்" என்றார், ஓடும் மெஷினை அமுக்கிப் பிடித்தபடியே. "பூனைக்குட்டி மாதிரி கையில கிடக்கு பாரு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"விளையாடாதீங்கண்ணே. மேசையத் தொட்டுட்டு நிக்கிற எனக்கே முழங்கை வரைக்கும் ஆடுது."

அவர் திரும்பிப் பார்த்தார். மேசை ஓரத்தில் அவள் பாதி குடித்து வைத்திருந்த டீ கிளாஸ் கடகடவென்று ஆடிக்கொண்டே விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மெஷினை அணைத்தார். கிளாஸ் நின்றது.

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "கையக் கொடுங்க. கண்ணை மூடிக்கங்க. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லணும்."

கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தெருவில் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் இன்னும் யோசிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"ம், தொடும்மா" என்றார்.

"தொட்டுட்டுத்தான் இருக்கேன்ணே."

கண்ணைத் திறந்தார். அவருடைய நாலு விரல்களையும் சேர்த்து அவள் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஒருவர் அந்தக் கையைப் பிடித்து எவ்வளவு காலமாயிற்று! பிடித்தபோது அவருக்குத் தெரியவே இல்லை. விரலை உருவிக்கொள்ளவும் தோன்றாமல், யாருடைய கையையோ வேடிக்கை பார்ப்பவர்போல நின்றார்.

"டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே. விட்டுடாதீங்க."

தலையை ஆட்டினார். பிறகு மெஷின்களைக் காட்டி, "நீயே பிடிச்சுப் பாத்துச் சொல்லிடும்மா" என்றார். இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தில் அவர் இன்னொருவர் கையை நம்பியது இதுவே முதல் தடவை. அவள் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, நடுவில் இருந்ததைக் கொடுத்தாள்.

புது வீட்டுக்குத் திரும்பியவர், பாக்கி மூலையைத் தொடவில்லை. ஏற்கெனவே "வழவழ" சொன்ன ஒட்டின் முன்னால் போய் நின்றார். விரலால் தடவினார். வழவழ. விரலை நம்பாமல், குனிந்து மேடையின் மேல் கன்னத்தை வைத்தார். பலகை சில்லென்று இருந்தது. மெதுவாகக் கன்னத்தை நகர்த்தினார். ஒட்டு வந்த இடத்தில் முடியளவுக்கு ஒரு வரம்பு தட்டியது.

அடங்கிப்போனது மெஷின் இல்லை. அந்த ஜோக்கைச் சொன்ன நாளிலேயே விரல் போய்விட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் எத்தனை வீட்டில் "வழவழ" சொன்னாரோ! அங்கெல்லாம் தினமும் ஈரத்துணியால் துடைக்கிற பெண்களின் விரலில் இந்த வரம்பு தட்டிக்கொண்டே இருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு அவமானத்தில் முகம் சுட்டது.

முரட்டு உப்புத்தாளை மாட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார். தேய்ப்பதும், துடைப்பதும், கன்னத்தை வைத்துப் பார்ப்பதுமாகப் பொழுது போயிற்று. யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்றிருப்பார்கள். கடைசியில் கன்னத்துக்கு எதுவும் தட்டவில்லை. "வழவழ" என்றார். சாமான் இல்லாத வீடு அதைத் திருப்பிச் சொன்னது.

அப்படியே மேடையில் சாய்ந்துகொண்டு மனைவிக்குப் போன் போட்டார். அவளாகக் கூப்பிடுவதுதான் வழக்கம்.

"என்னங்க இந்த நேரத்துல? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல." மேடையைத் தடவிக்கொண்டே, "எப்ப வர்ற?" என்றார்.

அந்தப் பக்கம் பேத்தி எதற்கோ அடம்பிடிக்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க திடீர்னு?"

"கை மரத்துப்போச்சு. விரல்ல ஒண்ணுமே தெரியல."

"ஐயையோ! எவ்வளவு நாளா?"

"தெரியல" என்றார். "நீ இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவள் போனை வைக்கவில்லை. வெள்ளைத் தூசி படிந்த கன்னத்தோடு அவர் போனை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.