தறி நிற்கும் ஒரு மணி நேரம்

கடைத்தெருவுக்குப் போனவள் ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினேன். மற்றது எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியாது. "என்ன கோமதி, ஒத்தச் செருப்போட வாரே?" என்று எதிர்வீட்டு எஸ்தர் அக்கா கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். சித்திரை வெயில். தெருப் புழுதியில் வெறுங்கால் பொசுங்கியிருக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. "கோட்டி பிடிச்சிட்டுக்கா எனக்கு" என்று சிரித்துவிட்டு உள்ளே போனேன். என் நோய் அன்றைக்குத்தான் தொடங்கியது.

இதே நோய் வந்து படுத்திருப்பவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் எப்படிப்பட்டவள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொறுமை என்பது என் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வீட்டோடு இரண்டு பவர்லூம் தறி ஓட்டினேன். ஒன்றில் நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட்டுவிட்டு, மற்றது நிற்பதற்குள் அங்கே நிற்பேன். "மெதுவா" என்று யாராவது சொன்னால் எரிச்சல் வரும். என் வீட்டுக்காரர் முருகையா எனக்கு நேர் எதிர். எரிந்துபோன தறி மோட்டார்களுக்குக் காயில் சுற்றுவது அவர் தொழில். தாமிரக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்றும் மனிதர்.

செருப்புத் தொலைந்த மூன்றாம் நாள் வாசல்படி ஏறக் கால் தூக்கவில்லை. நான்காம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. ஐந்தாம் நாள் அறுந்த இழையைப் பிடித்தேன். விரல்கள் முடிச்சுப் போட மறுத்தன. அப்போதுதான் பயந்தேன். வாடகைக் காரில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

"சங்கரன்கோவிலா? பேரு கோமதிதானே?" என்றார் டாக்டரம்மா, சீட்டைப் பார்க்காமலே. எங்கள் ஊர் அம்மன் பெயர் அது; வீட்டுக்கு ஒரு கோமதி உண்டு. சிறு சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் துள்ள வேண்டுமாம். துள்ளவில்லை. முதுகுத்தண்டு நீரை (முதுகெலும்புக்குள் இருக்கும் நீர்) ஊசியால் எடுத்துப் பார்த்தார்கள். வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டு, "பல நரம்பு அழற்சி" (உடம்பின் நரம்புகள் பல ஒரே சமயத்தில் பாதிக்கப்பட்டு வேலை நிறுத்துவது) என்று விளக்கினார். சில வாரங்களுக்கு முன் எனக்கு வந்த வயிற்றுப்போக்கு அதைக் கிளப்பிவிட்டிருக்கலாம் என்றார்.

காலையும் மாலையும் "ஒரே மூச்சுல எவ்வளவு தூரம் முடியுமோ எண்ணுங்கம்மா" என்பார். முதல் நாள் இருபத்திரண்டு வரை போனேன். மறுநாள் பதினான்கு. இந்த நோய் காலில் ஏறி, கைக்கு வந்து, சிலருக்கு மூச்சையும் பிடித்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு கட்டில் தள்ளி இதே நோயோடு கிடந்த பெண்ணுக்கு அது பிடித்துவிட்டது. அவள் கட்டில் விரிப்பை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே நான் எண்ணினேன். பத்துக்குக் கீழே போகாமல் நின்றது.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "குறையும்மா. எப்பன்னு என்னால சொல்ல முடியாது. மூட்டுப் பயிற்சிய மட்டும் ஒருநாளும் விடாதீங்க" என்றார் டாக்டரம்மா. நாமாக அசைக்க முடியாத கைகால்களை இன்னொருவர் மடக்கி நீட்டிவிடுவதுதான் அந்தப் பயிற்சி. காலையில் பட்டறைக்குப் போகுமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை, என் வீட்டுக்காரர் செய்தார். குதிகாலைப் பிடித்துப் பாதத்தை மேல்நோக்கி வளைக்கும்போதும் எண்ணிக்கைதான்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் "வாதம்" என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போனார்கள். என் நாத்தனார் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துக் காலில் பூசினாள்; அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. பிறகு செங்கல்லைச் சூடாக்கித் துணி சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். எனக்குச் சூடு தெரியவில்லை, அவளுக்கும் நான் சொல்லவில்லை. கெண்டைக்காலில் தோல் வழன்றுபோயிற்று. மரத்த காலில் சூட்டு ஒத்தடம் வைக்காதீர்கள். அவள் பாசத்தில்தான் செய்தாள். புண் ஆற ஒரு மாதம் ஆனது.

எஸ்தர் அக்கா வீட்டில் டெலிவிஷன் இருந்தது. அவர்கள் பலசரக்குக் கடைக்காரர்கள். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தின் பக்கம் திருப்பிய ஆண்டெனா மொட்டைமாடியில் பனை உயரம் நிற்கும். எங்கள் தெருவில் அதைப் பார்க்க ஒரே ஒரு நல்ல நேரம்தான் உண்டு. தறிகள் ஓடும்போது வோல்ட்டேஜ் இறங்கிவிடும். படம் நாலு பக்கமும் சுருங்கி, ஆட்கள் எல்லாம் குள்ளமாகத் தெரிவார்கள். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காகத் தறிகள் நிற்கும். அந்த நிமிடம் படம் பளிச்சென்று விரியும். அந்த ஒரு மணி நேரத்தில் வருவதோ, கல்லூரி மாணவர்களுக்கான பாடப்படம். இங்கிலீஷில்.

"சும்மா மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கதுக்கு இங்கன வந்து எதையாவது பாரேன்" என்றார் அக்கா. அவரும் என் வீட்டுக்காரரும் என்னை நாற்காலியோடு தூக்கித் தெருவைக் கடந்தார்கள். முதல் நாள் வெட்கத்தில் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டேன். தெருவே பார்த்தது.

அன்றைக்குத் தேனீக்கள். தேன் இருக்கும் திசையை ஆடிக் காட்டி மற்ற தேனீக்களுக்குச் சொல்லுமாம். மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்த அக்கா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். புரியாத இடத்தில் "இங்க என்னமோ சொல்லுதான், எனக்குத் தெரியல" என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவார். இன்னொரு நாள் கடலுக்குள் ஒரு மீன். ஆண் மீன் தன் வயிற்றுப் பையில் முட்டையைச் சுமந்து குஞ்சு பொரித்தது. அக்கா தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "வந்து பாருங்க, நீங்களும் ஆம்பளதான்" என்றார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தேன்.

ஏன் அது எனக்கு அவ்வளவு பிடித்தது? அந்தப் படங்களில் யாரும் "இப்ப எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்கவில்லை. எரிமலைக்கும் வால்நட்சத்திரத்துக்கும் என் காலைப் பற்றிக் கவலையே இல்லை. ஒரு மணி நேரம் நானும் அதை மறந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். படிக்க ஆசைப்பட்டேன் என்பதே அங்கே உட்கார்ந்துதான் ஞாபகம் வந்தது.

ஆடி மாதம், கோவிலில் தபசுத் திருவிழாக் கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டிருந்த சமயம். அன்றைக்குப் படம் நரம்புகளைப் பற்றியது. என்னைக் கொண்டுவந்து இறக்கிய என் வீட்டுக்காரரும் கதவோரம் நின்று பார்த்தார். ஒரு நரம்பை வரைந்து காட்டினார்கள். உள்ளே கம்பி மாதிரி ஒன்று, அதன்மேல் உறை. ஒரு வெளிச்சப் புள்ளி அதில் ஓடிற்று. பிறகு உறை பிய்ந்த நரம்பு. புள்ளி பாதியில் நின்றுவிட்டது.

"மேல இருக்க உறை போயிட்டா சேதி போகாதாம்" என்றார் அக்கா.

"இதான்! எனக்கு வந்தது இதான்!" என்று கத்தினேன். உள்ளே நடப்பது இன்னதென்று முதல்முறையாகக் கண்ணால் பார்த்த சந்தோஷம். திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் செத்திருந்தது.

அன்று மாலை பயிற்சி அரைகுறையாக முடிந்தது. மறுநாள் பட்டறையில் வேலை என்றார். அப்புறம் இன்னொரு சாக்கு. இப்படி மூன்று வாரம். நாத்தனார் கைக்குத் தெரிந்த அளவு மடக்கி நீட்டிவிட்டாள். ஒருநாள் அவர் ஒரு பலகையோடு வந்தார். நன்றாக இழைத்து, மேலே மெத்தை தைத்து, அடியில் பேரிங் பொருத்திய நாலு சக்கரம். தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இது யாருக்கு?"

"ஒனக்குத்தான். அடுக்களைக்கும் கொல்லைக்கும் நீயே போய் வரலாம்லா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "தரையில தேஞ்சிக்கிட்டுத் திரியச் சொல்லுதீகளோ? சவத்தத் தூக்கித் தெருவுல எறியுங்க!" என்று கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.  அவர் கட்டில் காலடியில் உட்கார்ந்தார்.

"வார்னிஷ் போன காயில் திரும்பி வந்து நான் பாத்ததே இல்லட்டி. உருவிப் போட்டுட்டுப் புதுசுதான் சுத்தணும். ஒனக்கு நான் எங்க போயிச் சுத்துவேன்?" என்றார். பிறகு அழுதார்.

அவர் கை எத்தனையோ எரிந்த மோட்டார்களைத் திறந்து பார்த்த கை. கம்பிமேல் வார்னிஷ் உறை போனால் அது முடிந்த கதை. அந்தப் படத்தை எங்கள் தெருவில் அவரைப்போல் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை; அதனாலேயே தப்பாகப் புரிந்துகொண்டார். ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் அது சரி என்றே பட்டது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

விடிந்ததும் மறுபடி வாடகைக் கார். டாக்டரம்மா அவர் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்தார்.

"நீங்க சொன்னதுல பாதி சரி முருகையா. ஆனா உங்க காயிலுக்கு உயிர் கிடையாது. இதுக்கு இருக்கு. இது தன் உறையத் தானே சுத்திக்கும். உள்ள இருக்க கம்பியே அறுந்தாத்தான் ரொம்பக் கஷ்டம். உங்க வீட்டம்மாவுக்குப் பெரும்பாலும் உறைதான் போயிருக்குன்னு நினைக்கிறேன்."

"தானாச் சுத்துமா?" என்று அவர் மூன்று தடவை கேட்டார்.

"சுத்தும். நாம பார்க்க முடியாத அளவு மெதுவா."

பிறகு என் பாதத்தைப் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார். சரியாகச் செய்யாத மூன்று வாரத்தில் குதிகால் நாண் (குதிகாலைக் கெண்டைத் தசையோடு இணைக்கும் தடித்த நார்) இறுகியிருந்தது. அதன் மிச்சம் இன்றும் இடது காலில் இருக்கிறது. லேசாகத் தாங்கித் தாங்கித்தான் நடப்பேன். அதனால் சொல்லுகிறேன், சந்தேகம் வந்தால் மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். மருத்துவரிடம் போய்க் கேளுங்கள், முட்டாள்தனமான கேள்வியாக இருந்தாலும்.

மறுபடியும் ஒரு மணிப் படங்களுக்குப் போனேன். ஒருநாள் மண்ணுக்குள் ஓர் அவரை விதை. கண்ணாடிச் சுவர் வழியாகப் படம் பிடித்திருந்தார்கள். வேர் நெளிந்து இறங்கியது; முளை தலையை ஆட்டி ஆட்டி மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் இலை விரிந்துவிட்டது.

"நெசமாவே இவ்வளவு வேகமாக்கா?"

"இல்லட்டி. நாள் கணக்குல விட்டு விட்டு எடுத்து, ஒட்ட வச்சு ஓட்டுதான்."

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் துணியில் அடையாளம் போடும் நீலச் சாக்குக்கட்டியை எடுத்துவரச் சொன்னேன். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். வெள்ளிக்கிழமைதோறும் நான் முக்கி முனகிக் காலைத் தூக்க வேண்டும், குதிகால் எட்டிய உயரத்துக்கு அவர் சுவரில் கோடு போட வேண்டும். மற்ற நாட்களில் கோட்டைப் பார்க்கக் கூடாது. முதல் நான்கு வெள்ளியும் ஒரே இடத்தில்தான் கோடு விழுந்தது. எனக்கு வந்த கோபத்தில் சாக்குக்கட்டியை அவர்மேல் எறியப் பார்த்தேன். கை எறியும் அளவுக்குத் தேறியிருந்தது என்பதை இருவரும் அப்போதுதான் கவனித்தோம். ஐந்தாவது வெள்ளி, ஒரு விரல்கடை உயரம். அதற்குப் பிறகு கோடுகள் ஏற ஆரம்பித்தன.

கட்டில் சட்டத்தில் ஒரு கத்தை அறுந்த நூலைக் கட்டித் தொங்கவிட்டார். கார்த்திகையில் ஒரு முடிச்சுப் போட்டேன். தளர்ந்த, அசிங்கமான முடிச்சு. அதை அறுத்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்தக் கட்டில் விரிப்பு எனக்கு மறக்கவில்லை. ஆனால் அசையாமல் கிடக்கும் கால் சும்மா கிடப்பதாக நினைத்துவிடாதீர்கள். என் உடம்பை அதுவரை நான் தறி மாதிரி ஓட்டினேன், நின்றால் உதைத்தேன். இப்போது காலையில் எழுந்ததும் கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறேன். அதற்காகும் நேரத்தை வீண் என்று நினைப்பதில்லை.

தை மாதம் ஒருநாள், தறிகள் நின்றதும் தடியை ஊன்றி எழுந்தேன். யாரும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். எங்கள் படிக்கும் எதிர்ப்படிக்கும் நடுவே பதினெட்டு எட்டு தூரம், அதுவும் பழைய கோமதிக்கு. படி இறங்கவே எனக்குப் பாதி நேரம் போயிற்று; தெருநடுவில் இரண்டு தடவை நெடுநேரம் நின்றேன். ஒரு சைக்கிள்காரர் இறங்கி உருட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் நின்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். எஸ்தர் அக்கா வீட்டுப் படியில் நான் உட்காரவும் தெருவில் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. உள்ளே எட்டிப் பார்த்தேன். டெலிவிஷனில் படம் சுருங்கி, குள்ள ஆள் ஒருவர் ஏதோ செய்தி வாசித்தார்.

"முடிஞ்சிட்டா? இன்னைக்கு என்ன படம்க்கா?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவுக்குக் கண்ணெல்லாம் ஈரம். "அத யாரு பாத்தா? ஒரு மணியில இருந்து ஒன்னயத்தான பாத்துக்கிட்டு நிக்கேன்" என்றார்.

எதிர் வாசலிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "ஏட்டி, தூக்கியார வரட்டா?"

"வேண்டாம்" என்றேன். "மெதுவா வாரேன்."