டீ ஆறுது

என் மனைவி பல்கலைக்கழகத்தில் கணினிப் பாடம் நடத்துகிறாள். நான் லிஃப்ட் மெக்கானிக். அவள் நடத்துவதில் எனக்கு ஒரு மண்ணும் புரியாது. அவள் பேசுவது மட்டும் பிடிக்கும்.

இந்த வருஷம் பாதிப் பாடம் வீடியோவில், பாதி வகுப்பில் என்று ஏற்பாடு. பிள்ளைகள் வீட்டிலேயே வீடியோவைப் பார்த்துவிட்டு வரவேண்டும்; வகுப்பில் புரோகிராம் எழுதிப் பழகவேண்டும். துறைக் கூட்டத்தில் மல்லுக்கட்டி இதைக் கொண்டுவந்தவளே இவள்தான். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் பேசிப் பதிவு செய்வாள். வெட்டி ஒட்ட அவளுக்குப் பொறுமை கிடையாது.

தொண்டை வறளப் பேசுகிறாளே என்று நடுவில் நான் கதவைத் தட்டி, "டீ ஆறுது" என்பேன். ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"எல்லா வீடியோவுலயும் உங்க குரல் கேக்குது. மானம் போகுது. நான் முடிக்கிற வரைக்கும் வெளியில இருங்க."

சொந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். எனக்கும் ரோஷம் இருக்காதா? டீ போடுவதையே விட்டுவிட்டேன்.

ஆனால் அவள் முகம்தான் வாடிக்கொண்டே போனது. வகுப்பில் என்ன கேட்டாலும் பிள்ளைகள் வாயே திறப்பதில்லையாம்.

"ஒருத்தரும் வீடியோ பாக்கறதில்ல. சுவத்தோட பேசிட்டிருக்கேன். நாளைக்கு மீட்டிங்ல, இது வேண்டாம்னு நானே சொல்லிடப் போறேன்" என்றாள். எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மாலை பையைக்கூட இறக்கிவைக்காமல் வாசலிலேயே நின்று சிரித்தாள்.

"சொல்லிட்டியா?"

"தொடரட்டும்னு சொல்லிட்டேன்."

கூட்டத்துக்கு முந்தைய வகுப்பு முடிந்ததும், கடைசி வரிசையில் வாயே திறக்காத பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாளாம். "மேடம், கொஞ்ச நாளா வீடியோவுல சார் குரலே கேக்கல. அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றாளாம். வகுப்பே எழுந்து போகாமல் பதிலுக்குக் காத்திருந்ததாம். என் குரல் வந்ததும்தான் எல்லாரும் வீடியோவை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்களாம்.

முகம் தெரியாத பிள்ளைகள் என் உடம்புக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

அன்று அவள் பதிவு தொடங்கியதும் பழக்கதோஷத்தில் மாடிப்படிக்குக் கிளம்பினேன். பாடத்தை நிறுத்தி உள்ளேயிருந்து கேட்டாள்: "என்னங்க, இன்னிக்கு டீ கிடையாதா?"

அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் சூடேறவே இல்லை. இருந்தாலும் கதவருகே போய், கடைசி வரிசைக்கும் கேட்கட்டுமென்று உரக்கவே சொன்னேன்: "டீ ஆறுது."