பச்சைப் பெயிண்ட் அடித்த தலைதீபாவளி

ஈரப் பெயிண்ட் நாற்றத்தோடு சுடவைத்த நல்லெண்ணெய் வாசனை... அதுதான் என் தங்கை மீனாவின் தலைதீபாவளி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பினாங்குத் துறைமுகத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வாடகை வீடு. சுவரோடு கட்டிய இரண்டு அலமாரிகள். கதவெல்லாம் கரையான் தின்று, பார்க்கச் சகிக்காது. கல்யாணத்தன்றே மீனாவின் மாமியார் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மாப்பிள்ளையோ தைப்பிங்கில் ரயில்வே உத்தியோகம், சிரிக்கவே தெரியாத மனிதர். தீபாவளிக்கு வந்து அவரும் முகம் சுளித்தால், மீனா காலமெல்லாம் அங்கே பேச்சு கேட்க வேண்டும். எனக்கு அதுதான் கவலை.

புதுக்கதவு செய்யச் சொல்லக் கையில் காசில்லை. கப்பலில் வந்து காலியான தேயிலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பலகையைப் பிரித்து நானே கதவு அடித்தேன். மேலே பச்சைப் பெயிண்ட். ஆகா, என்ன ஜோர்!

ஆனால் மழை... பெயிண்ட் காயவே இல்லை. அம்மா விடுவாரா?

"மஞ்ச வச்ச புதுத்துணிடா, எலி இழுத்துட்டுப் போயிரும். கதவச் சாத்து!"

சாத்தினேன்.

விடிகாலை. எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. மாப்பிள்ளை இடுப்பில் துண்டோடு நிற்கிறார். இழுக்கிறேன்... கதவு வரவில்லை! பெயிண்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பழைய துணிகளையோ அம்மா முந்தின நாளே ஊறப் போட்டுவிட்டார்.

"நகருங்க" என்றார் மாப்பிள்ளை. சுவரில் காலை ஊன்றி ஒரே இழுப்பு. கதவு பெயர்ந்து, ஆள் மல்லாக்க விழ, அவர் மேல் கதவு, அதற்கு மேல் துணிகள்!

மீனாதான் முதலில்... வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கதவுக்கு அடியிலிருந்து மாப்பிள்ளையின் குரல்.

"என்னா மச்சான், பொண்ணக் குடுத்தது போதாதுன்னு கதவையும் குடுக்குறீங்களா?"

அடடா, வீடே அதிர்ந்தது! அவர் புது வேட்டியில் நீளமாக ஒரு பச்சைக் கோடு. மாற்றமாட்டேன் என்று அதோடேயே கோயிலுக்கு வந்தார். மீனா வழியெல்லாம் அவரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அன்றைக்குத்தான் மனசு நிறைந்தது.

இப்போது என் வீட்டு அலமாரிகள் விரல் பட்டாலே திறக்கின்றன. போன தீபாவளிக்கு என் மகளும் மருமகனும் வந்தார்கள். தங்கமான பிள்ளை. மடிப்புக் கலையாத சட்டை, அளவான பேச்சு...

கிளம்பும்போதும் என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டார்.