வீட்டுக்கு ஒருவர்

டெக்சஸின் ரவுண்ட் ராக் ஊரில் நான் சாமான் வாங்கும் கடையில், சோற்றில் மீன் வைத்து சுஷி உருட்டுகிற சாம் ரோங்கை எல்லோரும் ஜப்பான்காரன் என்றே நினைக்கிறார்கள். அவன் பர்மாவின் சீன எல்லை மலைகளில் வாழும் வா இனத்தவன். அவர்கள் பிள்ளைகளுக்குப் பிறந்த வரிசைப்படிதான் பெயர் வைப்பார்கள். மூன்றாவது பையன் என்றால் சாம். டெக்சஸ் வரும்வரை அவன் கடல் மீனைத் தொட்டதுகூட இல்லை.

மலையில் அபினி விளைத்துத்தான் அவர்கள் அரிசி வாங்கினார்கள். அபினிக்குத் தடை வந்தபோது, மலையை ஆளும் அவர்களுடைய இனப் படையே ஊரை லாரிகளில் ஏற்றித் தெற்கே வெக்கைக் காட்டில் இறக்கிவிட்டது. குளிரில் வளர்ந்த உடம்புகள் மலேரியாவுக்குத் தாங்கவில்லை. இரண்டாவது அண்ணன் அங்கேயே செத்துப்போனான். பிறகு படைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்டார்கள். மூத்தவனுக்குக் கால் ஊனம். சாமின் முறை வந்தது. அவன் தாய்லாந்துக்கு ஓடிவிட்டான். அவனுக்குப் பதிலாகத் தங்கை யெப்பைப் பிடித்துப்போனார்கள். அவள் வீடு திரும்பினால் போதும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

"எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான்" என்று ஒருநாள் அவனிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல நெஞ்சு நிமிரும் எனக்கு. அவன் கைகொடுத்தான். "சரி, படைக்கு யாரைக் கொடுத்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். யாரையும் இல்லை என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

பக்கத்து பேக்கரி கவுன்ட்டரில் வேலை செய்யும் ராஜராணி ஆன்ட்டி சிரிக்கவில்லை. இலங்கையில் போர் நடந்த கிளிநொச்சிக்காரர். "தம்பி, உமக்கு அது விளங்காது. எங்கட வீட்டிலயும் இயக்கத்தாக்கள் வந்து பிள்ளை கேட்டவை" என்று சொல்லிவிட்டு ரொட்டி அடுக்கப் போய்விட்டார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் நான் அங்கே நிற்கும்போது சாமுக்கு வீடியோ கால் வந்தது. கையுறையோடே எடுத்தான். திரையில் யெப், சீருடை இல்லாமல், வீட்டு வாசலில்.

"வந்திட்டாளோ!" ஆன்ட்டி மாவுக் கையோடு ஓடிவந்தார். "டேய் சாம், தங்கச்சி வரட்டும் எண்டு இனிச் சாட்டுச் சொல்லாத. பொம்பிளை பார்! கேக் என்ர பொறுப்பு." தமிழிலேயே கத்தினார். அவனும் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினான்.

அவர்கள் தங்கள் மொழியில் பேசப் பேச அவன் முகம் வாடியது. போனை வைத்ததும் ஆங்கிலத்தில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான். மூத்த அண்ணனின் மகனைப் படைக்கு எடுத்துக்கொண்டுதான் அவளை விட்டார்களாம். பையனுக்குப் பதின்மூன்று வயது.

"என்னவாம், தம்பி?"

சொன்னேன். "ஐயோ, அப்ப இவள் என்னத்துக்கு வந்தவள்!" என்று ஆன்ட்டி வாய்தவறிச் சொல்லிவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆன்ட்டி என்ன சொன்னார் என்று சாம் கேட்டான். தங்கை சௌக்கியமா என்று கேட்கிறார் என்றேன்.

"சௌக்கியம்தான். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை" என்றான். "பையனுக்கு பூட்ஸ் ரொம்பப் பெரிதாம். சாக்குத்துணி திணித்து அனுப்பினாளாம். படையில் முதல்நாள் அவளுக்கும் அப்படித்தான் இருந்ததாம். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் அதைச் சொல்கிறாள்."