ஜெபமணி அண்ணனின் பெடல் பெட்டி

போன வாரம் பாண்டுப்பிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தாள். பழைய டி-ஷர்ட்டில் சுற்றிக் கொண்டுவந்த கிட்டார் பெடலை என் மேஜைமேல் வைத்து, "ஆன்ட்டி, இத சின்ன பாக்ஸ்ல போட்டுத் தர முடியுமா? ட்ரெயின்ல பேக் ரொம்ப ஹெவி ஆயிடுது" என்றாள். முடியும் என்றேன். இந்த வேலையில் 'பார்க்கலாம்' என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவள் போனதும் திருகுகளைக் கழற்றி, சால்டரிங் அயர்னைச் சூடுபண்ணி ஒரு பழைய ஒயரைத் தொட்டேன். குப்பென்று புகை. கருகிய பிசின் மாதிரி ஒரு வாசனை. எனக்கு அது மாட்டுங்கா வாசனை.

பெடல் என்பது கிட்டார் வாசிப்பவரின் காலடியில் கிடக்கும் சின்ன உலோகப் பெட்டி. அதன் சுவிட்சை மிதித்தால் கிட்டாரின் குரல் மாறும். அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட்டை எடுத்து வேறு பெட்டியில் குடிவைப்பதும், அங்கங்கே மாற்றி அமைப்பதும்தான் என் தொழில். பம்பாயில் மனிதர்கள் வீடு மாறுவதை நினைத்தால் இது எவ்வளவோ தேவலை. குடியிருப்பு சொசைட்டிக்காரர்கள் யாரும் 'ஆட்சேபணை இல்லை' என்று என்.ஓ.சி. காகிதம் கேட்பதில்லை.

டிப்ளமோ முடித்ததும் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை ஒன்றில் சேர்ந்தேன். அம்மாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. "பேங்க் எக்ஸாம் எழுதுடின்னா, ஒயரை நக்கிண்டு உக்காந்திருக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நான் ஒயரை நக்கியதில்லை. ஒன்பது வோல்ட் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்ததுண்டு. அது வேறு.

அந்தக் கடைக்குத்தான் ஜெபமணி அண்ணன் வந்தார். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பார், மற்ற நாட்களில் தங்கதுரை அண்ணாச்சியின் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில். அன்று தன்னுடைய மூன்று பெடல்களையும் கவுண்டரில் வைத்து, "சுவிட்செல்லாம் கெட்டுப் போச்சு தங்கச்சி, பாரு" என்றார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் செம்பூரில் ஒரு ரிசப்ஷன். மணப்பெண் உள்ளே நடந்து வரும்போது கிட்டார் மெதுவாக அலையடிக்க வேண்டும். அதற்குக் கோரஸ் பெடல். இவர் மிதித்தது டிஸ்டார்ஷனை. மண்டபமே அதிர்கிற மாதிரி ஒரு கர்ஜனை. பெண் கையிலிருந்த பூச்செண்டு கீழே விழுந்துவிட்டது. ஒரு குழந்தை வீறிட்டு அழுததாம். இப்படி ஆவது அது முதல் தடவையுமில்லை. அண்ணாச்சி வேறொரு ஆளைப் பார்த்துவிட்டதாகக் கேள்வி.

மூன்றையும் சோதித்தேன். எல்லாம் நன்றாக வேலை செய்தன. சொன்னேன். அவர் கவுண்டரைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"சுவிட்ச் இல்ல தங்கச்சி. கண்ணு. மேடை லைட்ல ஒண்ணும் தெரிய மாட்டுக்கு. ஓரமெல்லாம் இருட்டிக்கிட்டே வருது. டாக்டர் இது திரும்பாதுன்னுட்டாரு. அண்ணாச்சிட்ட சொல்லிராத."

 நான் நேரே காரியத்துக்கு வந்தேன். "மேடையில ஷூ போட்டுப்பேளா?" என்றேன்.

"சர்ச்சுல வெறுங்காலோடதான வாசிக்கோம். அதே பழக்கம் எங்கயும்."

அப்படியானால் கால்விரலுக்குத் தெரியும்! அந்த யோசனை வந்த வேகத்தில் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மூன்று சர்க்யூட்களையும் ஒரே அகலப் பெட்டிக்குள் போடுவது, ஒவ்வொரு சுவிட்சும் தொட்டால் வேறு வேறாக இருக்கும்படி செய்வது. தாராவியில் தகடு மடிக்கும் பட்டறைக்காரர் நான் வரைந்துகொண்டுபோன படத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், டிஃபன் லேஜானா ஹை க்யா?" என்றார். சாப்பாடு கொண்டுபோகிற சைஸ்தான், மறுக்கவில்லை. கோரஸ் சுவிட்சுக்கு ரப்பர் மூடி மாட்டினேன். எதிரொலி தரும் டிலேவுக்கு வெறும் இரும்பு. டிஸ்டார்ஷனைச் சுற்றி உயரமாக ஒரு வளையம். வேண்டுமென்றே விரலை உள்ளே நுழைத்தால்தான் அமுங்கும்.

ஒத்திகையில் ஆன் செய்ததும் கீச்சென்று ஒரு சத்தம். "என்னம்மா, உள்ள கொசு வளக்கியளா?" என்றார் அண்ணாச்சி. பெட்டி எதற்கென்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. டிலேவின் சத்தம் பக்கத்துச் சர்க்யூட்டுக்குள் கசிகிறது என்று எனக்குப் புரிந்தது. நடுவே ஒரு தகரச் சுவர் வேண்டும். வீட்டிலிருந்த காலி நெய் டப்பாவை வெட்டி வைத்தேன். கொசு செத்தது. "டப்பா எங்கேடி?" என்று அம்மா ஒரு மாதம் தேடினாள்.

அடுத்த கல்யாணம் மாட்டுங்காவிலேயே. நானும் போனேன். மேடை ஓரத்தில் புது கிட்டார்காரரை அண்ணாச்சி தயாராக உட்கார வைத்திருந்தார். பெண் வாசலுக்கு வந்தாள். ஜெபமணி அண்ணன் குனியவே இல்லை. கட்டைவிரல் ஊர்ந்து ரப்பரைக் கண்டுபிடித்தது. கிட்டார் மெல்ல அலையடித்தது, பெண் நடந்து வந்தாள், பூச்செண்டு கையிலேயே இருந்தது. பிறகு பையன்கள் ஆட்டத்துக்குப் பாட்டுக் கேட்டார்கள். விரல் வளையத்துக்குள் இறங்கியது. அந்தக் கர்ஜனைக்கு மண்டபமே விசிலடித்தது. புது ஆள் கிட்டாரை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசிப் பந்தியில் ஆர்கெஸ்ட்ராவோடு எனக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே ஜெபமணி அண்ணன் தானாகவே சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

அண்ணாச்சி நிமிரவில்லை. "தெரியும்லே. போன மாசமே பாயசத்துல கைய விட்டியே. பெறகு ஏன் ஆளு பாத்தேன்னு நெனச்ச? நீயா சொல்லுவேன்னு பாத்தேன், சொல்லல. இன்னைக்கு அவனும் வேண்டாம்னு தெரிஞ்சிட்டு. அப்பளம் வேணுமா?"

ஜெபமணி அண்ணன் அப்பளம் வாங்கிக்கொண்டார். வெகுநேரம் அதை நொறுக்கிக்கொண்டே இருந்தார்.

இப்போது அவருக்குப் பார்வை முழுதும் இல்லை. அம்பர்நாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். இன்னும் வாசிக்கிறார். பெட்டியை ஒரு முறைகூட என்னிடம் ரிப்பேருக்கு அனுப்பியதில்லை, பெருமையாகவே சொல்கிறேன். அண்ணாச்சி காலமானார். ஆர்கெஸ்ட்ரா கலைந்தது. கல்யாணங்களில் ஒருவர் லேப்டாப்போடு வந்து பாட்டைப் போட்டுவிட்டு, பார்சலை வாங்கிக்கொண்டு கடைசி லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார். டிரம்ஸ்காரர், பாடகி, ஒயர் இழுக்கிறவர் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, யார் எந்த இடத்தில் தப்பு வாசித்தார்கள் என்று எச்சில் கை காயக் காயச் சண்டை போடும் அந்தக் கடைசிப் பந்தியை இப்போது எந்த மண்டபத்திலும் போடுவதில்லை.